துப்பாக்கியின் காது

பழைய துப்பாக்கி ஒன்றைக் கையில் கொடுத்தால் ஆளுக்கொரு இடத்தைப் பார்ப்பார்கள். வீட்டுக்காரர்கள் கட்டையில் பதித்த தந்த வேலைப்பாட்டைக் காட்டுவார்கள். வியாபாரி முத்திரையைத் தேடுவான். நான் அதை வலப்பக்கம் திருப்பி, குழலின் அடியில் இருக்கும் துளையைப் பார்ப்பேன். ஒன்றரை மில்லிமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான துளை. அது வட்டம் மாறாமல், விளிம்பு கூர்மையாக இருந்தால் அந்தத் துப்பாக்கி சுவரில் தொங்கியே காலம் கழித்தது என்று அர்த்தம். ஒரு பக்கமாகத் தின்னப்பட்டு, பென்சில் முனை நுழையும் அளவுக்கு அகன்றிருந்தால் அது உழைத்த துப்பாக்கி. துளையைச் சுற்றி வேறொரு உலோகத்தில் ஒரு வட்டம் தெரிந்தால், அதை வைத்திருந்தவன் அதை நம்பிப் பிழைத்தவன். துளை கெட்டதும் பட்டறைக்குத் தூக்கிக்கொண்டு ஓடியவன். அந்த வட்டத்துக்கு எங்கள் பட்டறையில் புஷ் என்று பெயர்.

நான் கிர்க்கித் தமிழன், அதாவது கட்கிக்காரன். ரேஞ்ச் ஹில்ஸ் பக்கம் பிறந்து, புனே கேம்ப்பில் உரிமம் பெற்ற ஒரு துப்பாக்கிக் கடையின் பின்கட்டுப் பட்டறையில் உத்தியோகக் காலத்தை முடித்தவன். வேலை கற்றுக்கொடுத்த உஸ்தாத் என்னைவிட இருபது வயது மூத்தவர். ஆனாலும் என்னை 'அண்ணா' என்றுதான் கூப்பிடுவார். இந்த ஊரில் தமிழன் என்றால் கைக்குழந்தையும் அண்ணாதான்.

புனேயின் சரித்திரத்தில் வாளுக்குக் கிடைத்த மரியாதை துப்பாக்கிக்குக் கிடைக்கவில்லை. நாற்சந்திச் சிலைகளில் எல்லோர் கையிலும் வாள். பீரங்கிக்காவது கோட்டை வாசலில் ஒரு மேடை உண்டு. துப்பாக்கியைக் கேட்பாரில்லை, அதன் துளையைப் பற்றி யார் எழுதப்போகிறார்கள்? ஆனால் 1817-ல் இந்த ஊர் மராத்திய ஆட்சியாளரான பேஷ்வாவிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கைமாறியதற்கான காரணங்களைத் தேடுகிறவர்கள் இந்தத் துளை வழியாகவும் ஒரு தடவை பார்க்கலாம் என்பது என் கட்சி.

முதலில் அது செய்யும் வேலை. குழலின் வாய் வழியாகக் கருமருந்தைக் கொட்டி, மேலே குண்டைப் போட்டு, இடிகோலால் இறுக்குகிறோம். மருந்து உள்ளே, நெருப்பு வெளியே. இரண்டையும் சேர்க்கும் ஒரே வழி இந்தத் துளைதான். துளைக்கு வெளியே ஒரு சின்னக் கிண்ணம். அதில் ஒரு சிட்டிகை நைசான மருந்து. விசையை இழுத்தால் குதிரையின் வாயில் கவ்வியிருக்கும் சக்கிமுக்கிக் கல் எஃகுத் தகட்டில் உரசி, பொறி கிண்ணத்தில் விழும். கிண்ணத்து மருந்து குப்பென்று எரியும். அந்தச் சுவாலையின் ஒரு நாக்கு துளைக்குள் பாய்ந்து உள்ளே இருக்கும் மருந்தைத் தொட வேண்டும். தொட்டால் வெடி. தொடாவிட்டால் கிண்ணத்தில் புகை, முகத்தில் கரி, எதிரில் பகைவன்.

இந்தச் சக்கிமுக்கி விசை பிரான்சில் 1610 வாக்கில் உருவானது. மாரான் லெ பூர்ஷ்வா என்ற கைவினைஞரின் பெயரை அதோடு சேர்த்துச் சொல்வார்கள். நம் தேசத்தில் அது வேரூன்ற நெடுங்காலம் ஆயிற்று. இங்கே ஆட்சி செய்தது திரித்துப்பாக்கி. மராத்தியில் கிண்ணத்து மருந்துக்கு ரஞ்சக் என்று பெயர், துளைக்குக் கான், அதாவது காது. மெதுவாக எரியும் பருத்தித் திரியைக் கொம்பில் கவ்வவைத்து ரஞ்சக்கில் இறக்கினால் போதும். இதில் உடைகிற உறுப்பு எதுவும் கிடையாது. கல் தேய்ந்தது, வில் முறிந்தது என்ற பேச்சே இல்லை. ஊர்க் கொல்லன் செய்யலாம், ஊர்க் கொல்லனே பழுது பார்க்கலாம். தொங்கும் திரியின் நெருப்பு நின்று நிதானமாக எரிவதால் துளை கொஞ்சம் அகலமாக இருந்தாலும், கொஞ்சம் கோணலாக இருந்தாலும் பெரிதாகக் கெட்டுப்போவதில்லை. பல திரித்துப்பாக்கிகளில் ஒரு சின்னச் சங்கிலியில் ஊசி ஒன்று தொங்கும். சுட்டபின் துளையைக் குத்திவிட. பம்ப் ஸ்டவ் வைத்துச் சமைத்த வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அதே பின், அதே அடைப்பு, அதே எரிச்சல்.

பாஜிராவ் சாலையில் உள்ள ராஜா தின்கர் கேல்கர் அருங்காட்சியகத்துக்குப் போகிறவர்கள் விளக்குகளையும் பாக்குவெட்டிகளையும் மஸ்தானி மஹாலையும் பார்த்துவிட்டு வந்துவிடுகிறார்கள். தின்கர் கேல்கர் என்ற ஒரு மனிதர், இறந்துபோன தன் மகன் ராஜாவின் பெயரில், வீடுவீடாகப் போய்ச் சேர்த்த பொருட்கள் அவை. ஆயுதங்கள் இருக்கும் இடத்திலும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். கண்ணாடிக்கு வெளியே நின்றாலும் துளை தெரியும். ஞாயிறும் புதனும் கூடும் ஜூனா பஜாரில் 'பேஷ்வா காலத்துச் சாமான்' என்று விற்கும் துப்பாக்கிகளில் பெரும்பாலானவற்றுக்குத் துளையே கிடையாது. கிண்ணம் இருக்கும், குதிரை இருக்கும், குழலின் பக்கவாட்டில் பஞ்ச் வைத்துத் தட்டிய ஒரு பள்ளம் இருக்கும், அவ்வளவுதான். அலங்காரத்துக்குச் செய்கிறவனுக்கு உள்ளே வரைக்கும் துளைக்க என்ன அவசியம்?

உண்மையான பழைய துப்பாக்கிகளில் வேறொரு வேடிக்கை. மராத்தியர் நவராத்திரியின் ஒன்பதாம் நாளைக் கண்டே நவமி என்று ஆயுதங்களுக்குப் பூஜை செய்து கொண்டாடுவார்கள். நம் ஆயுத பூஜைதான். நாராயண் பேட்டை, சதாசிவ் பேட்டைப் பக்கத்துப் பழைய வாடாக்களிலிருந்து, அதாவது முற்றம் வைத்த பெரிய வீடுகளிலிருந்து, சட்டப்படி காகிதத்தோடு எங்களிடம் வந்த துப்பாக்கிகளின் காதைக் குத்தியபோது நான் எடுத்தது பெரும்பாலும் மருந்துக் கசடு அல்ல. மஞ்சளும் குங்குமமும். தலைமுறை தலைமுறையாக அந்த இடத்தில் பொட்டு வைத்து, அது கல்லாக இறுகியிருக்கும்.

துளை ஏன் கெடுகிறது என்று கேட்டால் யாரும் நெருப்பு என்று சொல்லிவிடுவார்கள். பாதிதான் சரி. கருமருந்தில் முக்கால் பங்கு வெடியுப்பு, மீதி கரியும் கந்தகமும். எரியும்போது வெப்பம் 2000 டிகிரியைத் தாண்டும்; குழலுக்குள் அழுத்தம் ஏறும்; அந்த வாயு வெளியேறக் கிடைக்கும் முதல் சந்து இந்தத் துளை. ஒவ்வொரு சூட்டுக்கும் கொஞ்சம் இரும்பு அரிக்கப்படுகிறது. ஆனால் சூடு முடிந்ததும் துளை கெடுவது நிற்பதில்லை. கருமருந்தின் எடையில் பாதிக்கு மேல் வாயுவாகாமல் கசடாகவே தங்கிவிடும். பொட்டாசியம் உப்புகளும் கந்தகக் கூட்டுகளும் கலந்த அந்தக் கசடு காற்றின் ஈரத்தை உறிஞ்சும். ஜூன் மாதம் பிறந்துவிட்டால் புனேயில் ஈரத்துக்குக் கேட்கவா வேண்டும். இன்று மாலை சுட்டுவிட்டு நாளைக் காலை துடைக்கலாம் என்று வைத்தால், ராத்திரியோடு ராத்திரியாகத் துளையின் சுவரில் துரு பூத்திருக்கும். அடுத்த சூட்டில் அந்தத் துருப் படலம் பறந்துபோகும். மறுபடி புதுத் துரு. இப்படித்தான் துளை வளர்கிறது.

லண்டன் கொல்லர்கள் இதைச் சரியாகப் புரிந்துகொண்டார்கள் என்பதற்கு அவர்கள் தேர்ந்தெடுத்த உலோகமே சாட்சி. பதினெட்டாம் நூற்றாண்டில் விலையுயர்ந்த துப்பாக்கிகளின் துளைக்குத் தங்கத்தில் புஷ் போட்டார்கள். தங்கம் 1064 டிகிரியில் உருகும். இரும்போ 1538 வரை தாங்கும். நெருப்புதான் முழு எதிரி என்றால், தாங்கக்கூடியதை எடுத்துவிட்டுத் தாங்காததை வைத்தது பைத்தியக்காரத்தனம். ஆனால் தங்கம் துருப்பிடிக்காது, அதுதான் விஷயம். பிறகு 1805 வாக்கில் வில்லியம் ஹைட் வொல்லாஸ்டன் என்ற வேதியியலாளர் பிளாட்டினத்தை அடித்து நீட்டக்கூடிய பதத்துக்குக் கொண்டுவந்து விற்கத் தொடங்கினார். அவரிடம் வாங்கியவர்களில் துப்பாக்கித் துளைக்குப் புஷ் போடுகிறவர்கள் முக்கியமானவர்கள். பிளாட்டினம் 1768 டிகிரி வரை தாங்கும், துருவும் பிடிக்காது. ஜோசப் மேன்ட்டன் போன்றவர்களின் துப்பாக்கிகளில் அந்த வெள்ளைப் புள்ளியை இன்றும் பார்க்கலாம். உஸ்தாத் அதைப் பார்த்தால், "மூக்குத்தி போட்டிருக்காள் பாரு அண்ணா" என்பார். அப்படிப்பட்ட துப்பாக்கிகள் ராஜாக்களுக்கும் நவாபுகளுக்கும் வந்தன. சிப்பாய்க்கு அல்ல. சிப்பாயின் துப்பாக்கியில் இரும்பில் போட்ட ஓட்டைதான். கெட்டால் பித்தளையோ செம்போ எஃகோ.

பீரங்கிக்கு வந்தால் செம்புதான் ராஜா. பத்துக்கு ஒன்று என்ற கணக்கில் தகரம் கலந்த வெண்கலத்தில்தான் நல்ல பீரங்கி வார்ப்பார்கள். ஆனால் தகரம் சேர்ந்த உலோகம் சுத்தச் செம்பைவிடச் சீக்கிரம் இளகிவிடும். தொடர்ந்து சுட்டால் துளையின் சுவர் வழிந்துபோகும். ஆகவே துளை இருக்கும் இடத்தில் மட்டும் அடித்து இறுக்கிய செம்பில் ஒரு புஷ் செய்து, மரை வெட்டித் திருகிவிடுவார்கள். அது தேய்ந்தால் அதைக் கழற்றிவிட்டு வேறு. பீரங்கி வார்க்க மாதக்கணக்காகும், புஷ் மாற்ற ஒரு நாள் போதும்.

கஸ்பா பேட்டையில் தாம்பட் ஆளி என்று ஒரு சந்து இருக்கிறது. காலையில் போனால் சுத்தியல் சத்தத்தில் நாம் பேசுவது நமக்கே கேட்காது. பேஷ்வா காலத்திலிருந்து செம்புப் பாத்திரம் அடிக்கும் தாம்பட் குடும்பங்கள். பீரங்கி வேலையிலும் தங்கள் முன்னோருக்குக் கை உண்டு என்று அங்கே சொல்வார்கள். நான் பார்த்தது அவர்கள் செம்பை அடிக்கும் விதத்தை. வார்த்த செம்பு மென்மையானது, அடித்த செம்பு கெட்டி. குடத்தின் மேல் அவர்கள் போடும் அந்தப் புள்ளிப்புள்ளியான அடிகள் அழகுக்கு மட்டும் அல்ல, தகட்டை இறுக்குவதற்கும்தான். புஷ்ஷுக்கு வேண்டியதும் அதே குணம்.

பேஷ்வாவின் பீரங்கிப் படை பான்சே குடும்பத்தின் பொறுப்பில் இருந்தது. சாஸ்வட் பக்கம் சோனோரி கிராமத்தில் அவர்கள் வாடா; அதற்கு மேலே மல்ஹார்கட் கோட்டை. பீவ்ராவ் பான்சேயும் கிருஷ்ணாஜி பான்சேயும் 1757-க்கும் 1760-க்கும் இடையில் கட்டியது, மராத்தியர் கட்டிய கோட்டைகளில் கடைசி என்பார்கள். திவே காட் கணவாயைக் காவல் காக்க எழுப்பிய சின்னக் கோட்டை. ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு போய் ஏறி இறங்கிவிடலாம். பானிப்பட்டுப் போருக்கு ஒரு வருஷத்துக்கு முன்னால் வரை பீரங்கித் தளபதிகளின் கையில் கோட்டை கட்டப் பணம் இருந்தது என்பதை அது காட்டுகிறது.

பீரங்கிக்காரர்களில் எனக்கு மிகவும் பிடித்தவன் தளபதி அல்ல, துளைக்காரன். ஒரு சூட்டுக்கும் அடுத்த சூட்டுக்கும் நடுவே ஒருவன் ஈரத் துணிக்கோலால் குழலைத் துடைப்பான், இன்னொருவன் புது மருந்துப் பையைத் தள்ளுவான். அந்த நேரம் முழுவதும் ஒருவன் தோல் உறை மாட்டிய கட்டைவிரலால் துளையை அழுத்தி மூடிக்கொண்டு நிற்க வேண்டும். விரலை எடுத்தால் கோல் உள்ளே போகும்போது துளை வழியாகக் காற்று ஓடும், ஒளிந்திருக்கும் தணல் கனியும், புது மருந்து கோல் பிடித்தவனின் கையையும் சேர்த்து வெடிக்கும். உலோகம் கொதித்துக்கொண்டிருக்கும், விரல் வேகும், எடுக்கக் கூடாது. இந்த ஆளுக்கு எந்த ஊரிலும் சிலை இல்லை.

பீரங்கியைக் கொல்வதும் அதே இடத்தில்தான். எதிரி கையில் சிக்கப்போகிறது என்றால் துளையில் ஓர் இரும்பு ஆணியை அடித்து இறக்கி, தலையை முறித்துவிடுவார்கள். டன் கணக்கில் எடையுள்ள பீரங்கி அந்த நிமிடமே வெறும் உலோகம். அடிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு 1803 செப்டம்பர் 23-ஆம் தேதி அசாயே உதாரணம். மராத்தியத் தலைவர் சிந்தியாவின் பீரங்கி வரிசையைத் தாண்டிக் கம்பெனித் தளபதி வெல்லெஸ்லியின் படை முன்னேறியது. செத்தவர்போல் கிடந்த மராத்தியப் பீரங்கிக்காரர்கள் எழுந்து, அதே பீரங்கிகளைத் திருப்பி, போனவர்களின் முதுகில் சுட்டார்கள். ஆணிக்கு நேரமில்லாமல் போனதன் விலை. அதே வருஷம் ஏப்ரலில்தான் வெல்லெஸ்லி புனேக்குள் நுழைந்து, துரத்தப்பட்ட பேஷ்வா இரண்டாம் பாஜிராவுக்கு வழி திறந்துவைத்திருந்தார். அந்தப் பாஜிராவே பதினான்கு வருஷம் கழித்துக் கம்பெனிமேல் பாய்ந்தார்.

1817 நவம்பர் 5, கட்கிப் போர். நான் பள்ளிக்குப் போன வழியெல்லாம் அன்று போர்க்களம். சங்கமத்தில் இருந்த ரெசிடென்சியை விட்டுக் கம்பெனியின் பிரதிநிதி எல்ஃபின்ஸ்டன் வெளியேறினார், அது எரிந்தது. தாபோடியிலிருந்து ஃபோர்டு என்ற கேப்டன், பேஷ்வாவின் சம்பளத்தில் வளர்ந்த பட்டாளத்தைக் கூட்டிக்கொண்டு கம்பெனி பக்கம் சேர்ந்தார். கர்னல் பர்ரின் கீழ் மொத்தம் சுமார் 2800 பேர். எதிரில் பேஷ்வாவின் தளபதி பாபு கோகலேயின் படை, குதிரை மட்டுமே பதினாயிரத்துக்கு மேல். மராத்தியரின் ஜரிபட்காக் கொடியோடு வந்த மோரோ தீட்சித் பீரங்கிக் குண்டில் விழுந்தார். ஆயிரக்கணக்கான குதிரைகள் பாய்ந்து வந்தபோது நடுவில் இருந்த சதுப்பு யாருக்கும் தெரியவில்லை. குதிரைகள் அதில் சிக்கித் தடுமாறியபோது சிப்பாய்கள் கிட்டத்தில் நின்று சுட்டார்கள். கம்பெனிக்கு 86 பேர் செத்தும் காயம்பட்டும் நஷ்டம், மராத்தியருக்குச் சுமார் 500. பாஜிராவ் பர்வதிக் குன்றின் ஜன்னலிலிருந்து இதைப் பார்த்ததாகச் சொல்லி, அந்த ஜன்னலை இன்றும் காட்டுகிறார்கள்.

சதுப்பைச் சொல்வார்கள், கோகலேயின் வீரத்தைச் சொல்வார்கள், பாஜிராவின் கோழைத்தனத்தைச் சொல்வார்கள். எல்லாம் சரி. அந்தச் சிப்பாய் வரிசையின் கையில் இருந்தது என்ன? 39 அங்குலக் குழல், முக்கால் அங்குல வாய் கொண்ட இந்தியா பேட்டர்ன் மஸ்கட். கம்பெனிக்காக உருவாகி, 1797 முதல் பிரிட்டிஷ் படையே எடுத்துக்கொண்ட மாதிரி. அது அபூர்வமான துப்பாக்கி அல்ல. அதன் விசை ஒன்றை இன்னொன்றில் மாட்ட முடியாது. ஒவ்வொன்றும் அரத்தால் ராவிப் பொருத்தியது. தூரக் குறியில் பேஷ்வா பக்கம் இருந்த அரபு வீரனின் நீளத் திரித்துப்பாக்கி அதைவிட மேல். ஆனால் அந்தச் சிப்பாயின் மார்புப் பட்டையில் ஒரு கம்பி ஊசியும் ஒரு சின்ன பிரஷ்ஷும் சங்கிலியில் தொங்கின. துளைக்கு ஊசி, கிண்ணத்துக்கு பிரஷ். அவனுக்கு விருப்பமிருந்தாலும் இல்லாவிட்டாலும் ஹவில்தார் வந்து பார்ப்பான். துளை அகன்றால் துப்பாக்கி பட்டாளத்து ஆர்மரர் மேசைக்குப் போகும், புஷ் ஏறித் திரும்பி வரும்.

எதிர்த்தரப்பில் அரபு வீரன் தன் சொந்தத் துப்பாக்கியோடு சம்பளத்துக்கு வந்தவன். சிலேதார் சொந்தக் குதிரையோடு வந்தவன். அவனவன் ஆயுதம் அவனவன் பொறுப்பு. நன்றாக வைத்திருந்தவன் மிக நன்றாக வைத்திருந்தான். ஒரு வரிசையில் நூறு பேர் ஒரே நொடியில் சுட வேண்டும் என்றால் அது போதாது. நூறாவது ஆளின் துளையும் திறந்திருக்க வேண்டும். கம்பெனி துப்பாக்கியால் ஜெயித்தது என்று சொல்லும் புத்தகங்களை நான் முழுதாக நம்புவதில்லை. பழுது பார்ப்பதற்கு ஒரு சம்பளப் பட்டியல் வைத்திருந்தவன் ஜெயித்தான் என்றால் ஒத்துக்கொள்வேன்.

அப்படியிருந்தும் அந்த மஸ்கட் ஏமாற்றத்தான் செய்தது. 1834-ல் வுல்விச்சில் ஒரு சோதனை நடத்தினார்கள். சக்கிமுக்கித் துப்பாக்கியில் 6000 தடவை சுட்டதில் 922 தடவை பற்றவில்லை. கேப், அதாவது அடித்தால் தானே வெடிக்கும் சின்ன மூடி, வைத்துச் சுடும் புதுத் துப்பாக்கியில் அதே 6000-க்கு 36 தான் தவறியது. காகிதத்தில் இருந்த இந்தக் கணக்குக்கு ரத்தத்தில் ஒரு நிரூபணம் கிடைத்தது நம் ஆட்கள் மேல்தான். 1841 மே மாதக் கடைசியில், அபினிப் போரின்போது, சீனாவில் கான்ட்டன் அருகே சான்யுவான்லியில் 37-ஆம் மதராஸ் காலாட்படையின் ஒரு கம்பெனி பெருமழையில் வழி தவறி, ஆயிரக்கணக்கான கிராமத்தாரிடம் சிக்கியது. கிண்ணத்து மருந்து கரைந்து, துளையில் தண்ணீர். ஒரு துப்பாக்கியும் பேசவில்லை. பயனட்டை நீட்டிச் சதுரம் கட்டி இருட்டும் வரை நின்றார்கள். கடைசியில் அவர்களை மீட்டது கேப் துப்பாக்கி வைத்திருந்த மரைன் படை. மழை அவர்கள்மேலும் அதே மழைதான்.

புஷ் மாற்றும் வேலையை உஸ்தாத் எனக்குச் சொல்லிக்கொடுத்த வரிசை இது. எதைத் தொடுவதற்கும் முன் இடிகோலைக் குழலுக்குள் விட்டு, வாயருகே விரலால் பிடித்து அடையாளம் வைத்து, வெளியே எடுத்துக் குழலின் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். கோலின் முனை துளை வரைக்கும் வரவில்லை என்றால் உள்ளே ஏதோ இருக்கிறது. கொள்ளுத்தாத்தா போட்ட மருந்தாக இருக்கலாம். இரும்புக் குழலுக்குள் வறண்டு கிடந்த கருமருந்துக்கு வயதே ஆகாது. தண்ணீர் ஊற்றி ஊறவிட்டு, சுரண்டி எடுத்த பிறகுதான் மற்றது.

பழைய புஷ் திருகோடு வந்தால் அதிர்ஷ்டம். பெரும்பாலும் துரு பிடித்து ஒன்றாகியிருக்கும். எண்ணெய் விட்டுக் காத்திருந்து, பிறகு மையம் பிசகாமல் டிரில் போட வேண்டும். நாட்டுப் பட்டறைகளில் மரை இல்லாமல் கூம்பாக ராவிய செம்பு ஆணியை அடித்து இறக்கி, தலையைத் தட்டி விட்டிருப்பதையும் பார்த்திருக்கிறேன். அதை உஸ்தாத் புஷ் என்று ஒத்துக்கொள்ளமாட்டார். ஒருநாள் அது குண்டாகப் பறக்கும் என்பார். துளையைச் சுத்தம் செய்து மரை வெட்டி, லேத்தில் கடைந்த புதுப் புஷ்ஷைத் திருக வேண்டும். அதன் உள்பக்கத்தைக் கூம்பாகக் குடைந்திருக்க வேண்டும்; அப்போதுதான் உள்மருந்து வெளிக்கிண்ணத்துக்கு மிக அருகில் வந்து உட்காரும், நெருப்புக்குத் தூரம் குறையும். உள்முனை குழலுக்குள் ஒரு மயிரளவும் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. நீட்டினால் துடைக்கும் துணி மாட்டும், கசடு தங்கும். வெளியே குழலோடு சமமாக ராவ வேண்டும். கடைசியில்தான் துளை, அதுவும் சின்னதாகத் தொடங்கி. எவ்வளவு பெரிதாக்கவும் முடியும், சின்னதாக்க இன்னொரு புஷ்தான் வேண்டும்.

உயரம் எல்லாவற்றையும்விட முக்கியம். துளை கிண்ணத்தின் மேல் விளிம்புக்கு நேராக இருக்க வேண்டும். அடியில் இருந்தால் கிண்ணத்து மருந்து துளையை அடைத்து, திரிபோல் ஒவ்வொரு மணியாக எரிந்து உள்ளே போகும். விசைக்கும் வெடிக்கும் நடுவில் ஒரு தாமதம். மேலே இருந்தால் சுவாலை நேராகப் பாயும். நல்ல சக்கிமுக்கித் துப்பாக்கியில் இரண்டு சத்தமும் ஒரே சத்தமாகக் கேட்கும்.

இப்போது இதையெல்லாம் நினைத்த இடத்தில் செய்ய முடியாது. 1878-ன் ஆயுதச் சட்டம் வாடாக்களின் சுவர்களைக் காலி செய்தது. சுதந்திர இந்தியாவின் 1959 சட்டத்திலோ துப்பாக்கியைப் பழுது பார்ப்பதற்கே உரிமம் வேண்டும். இனிச் சுடவே முடியாத பழம்பொருளுக்கு விலக்கு உண்டு, ஆனால் பழுது பார்த்தாலும் சுட முடியாததாக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. தாத்தா துப்பாக்கியின் காதை அழகுக்காகத் திறந்துவைக்கச் சொல்லி வருகிறவர்களிடம் நான் இதைச் சொல்லி அனுப்பிவிடுவேன். அடைத்திருக்கும் வரை அது பூஜைப் பொருள். திறந்தால் ஆயுதமா என்று பார்க்கும் வேலை போலீஸுக்கு.

கட்கியில் போர் நடந்த மண்ணில் 1869-ல் தோட்டாத் தொழிற்சாலை தொடங்கியது. கிர்க்கித் தமிழர்களில் பல குடும்பங்களுக்குச் சோறு போட்டது அதுதான். என் அப்பாவும் அங்கேதான். பித்தளைத் தோட்டா வந்த பிறகு துளை குழலிலிருந்து தோட்டாவின் அடிக்குப் போய்விட்டது. அடித்தட்டில் கேப், அதற்கு மேலே மெல்லிய துளை, அதன் வழியாகத்தான் நெருப்பு மருந்துக்குப் போகிறது. வேலை மாறவில்லை. ஆனால் ஒவ்வொரு சூட்டுக்கும் அது புதுத் துளை. சுட்டதும் தோட்டாக் கூட்டோடு சேர்ந்து தரையில் விழுந்துவிடும். துருவுக்கு நேரமே கிடையாது. உஸ்தாத் போன்றவர்கள் அரை நாள் மூச்சைப் பிடித்துச் செய்ததை அப்பாவின் செக்‌ஷனில் யந்திரம் ஒரு தட்டில் செய்தது. சரியில்லாததைப் பொறுக்கி எறிவதுதான் மனிதனுக்கு மிஞ்சிய வேலை.

முழுதாக நின்றுவிடவும் இல்லை. கொங்கணத்தில், ரத்னகிரி, சிந்துதுர்க் பக்கம், பயிரைக் காட்டுப்பன்றியிடமிருந்து காக்க உரிமத்தோடு வைத்திருக்கும் டாஸ்ணீச்சி பந்தூக் இன்றும் உண்டு. வாய் வழியாக மருந்து இடித்துச் சுடும் கேப் துப்பாக்கி. அதில் துளை நிப்பிளுக்குள் இருக்கிறது. மாம்பழக் காலம் முடிந்து முதல் மழை விழுவதற்குள் அவற்றில் ஒன்றிரண்டு எங்கள் கடைக்கு வந்துவிடும். கோலை விட்டு அளந்து பார், நிப்பிளைக் கழற்று, மரை நன்றாக இருந்தால் அதே அளவில் புதுசு போடு, தேய்ந்திருந்தால் ஒரு அளவு பெரிதாக டாப் போடு, புத்தகத்தில் லைசென்ஸ் நம்பரை எழுது.